குடைக்கம்பி வைத்த வானொலி

ரெம்பியா,
12 மார்ச் 1995

மலாக்கா பட்டணத்தில் வீற்றிருக்கும் என் அருமை அக்கா உஷாராணி அவர்களுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு வானொலிப் பெட்டியின் ஏரியல் கம்பி, நெடுங்கால ஆட்டத்துக்குப் பிறகு, சென்ற செவ்வாய்க்கிழமை இயற்கை எய்தியது. இறுதிச் சடங்கு கோழிக் கூண்டுக்குப் பின்னால் நடந்தேறியது. சேவல் மட்டும் இரண்டு வார்த்தை பேசியது. காலியான பதவிக்கு அம்மாவின் குடையிலிருந்து ஒரு கம்பி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. இனி மழை பெய்தால் வானொலி நனையாது, அம்மாதான் நனைவார்.

சிரித்தாயா? சிரித்திருந்தால் மீதியையும் படி.

இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பொங்கலுக்கு அலோர் காஜா மண்டபத்தில் உங்கள் குழு போட்ட நாடகத்தைப் பார்த்த நாளிலிருந்து அப்பா அரை ஆளாகிவிட்டார். பின்னே என்ன? மேடையில் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு பெரிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "நல்ல பாட்டும்மா" என்று சொல்லி வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். ஏன்க்கா, அப்பா வாயில் அப்படியே வரும் அந்த "நல்ல பாட்டும்மா"வையாவது நீ மாற்றியிருக்கக் கூடாதா? நம் தோட்டத்து ஆட்கள் வரிசை வரிசையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். கழுத்து சுளுக்கிக்கொண்டவர்களும் உண்டு. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். லோரியில் திரும்பி வரும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்குள்ள அடிக்கிறான். எம்மக என்னை மேடையில வச்சு அடிச்சிட்டா. இனிமே அவ வீட்டுப் பக்கம் வரக்கூடாது."

உனக்குத் தெரியாததா? நம் லயத்தில் வீடுகளுக்கு நடுவே சுவர்கள் கூரை வரை போவதில்லை. தனபாலன் அண்ணன் வீட்டில் கடுகு தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் சம்சு குடித்துவிட்டு வருவார். முதல் அடி அன்னம்மாக்கா முதுகில் விழுந்ததும் அப்பாவின் வானொலிப் பெட்டியில் சத்தம் கூடும். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவர், அவர் பெட்டி கூடினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டது போல, லயத்தில் ஒவ்வொரு பெட்டியாகக் கூடிக்கொண்டே போகும். கடைசி வீட்டு முனியாண்டித் தாத்தாவுக்குக் காதே கேட்காது. அவர்கூட கூட்டி வைக்கிறார்.

நீ கவலைப்படாதே. இந்தத் தோட்டத்தில் உன் ஒற்றன், தூதன், தேவைப்பட்டால் படைத் தளபதி எல்லாம் நான்தான்.

இப்படிக்கு,
மாவீரன் திவாகர்
(நாலாம் படிவம், கடைசி வரிசை, ஜன்னலோரம்)


மலாக்கா,
20 மார்ச் 1995

அன்புள்ள தளபதிக்கு,

சிரித்தேன். வக்கீல் ஆபிசில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் சிரித்ததால் வக்கீலம்மா எட்டிப் பார்த்துவிட்டார். மறைந்த ஏரியலுக்கு என் அனுதாபங்களைத் தெரிவித்துவிடு. குடையை இழந்த அம்மாவுக்கும்தான்.

திவா, அந்தக் காட்சியை எழுதும்போது அப்பாவைப் பழிவாங்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த சுவர் அது ஒன்றுதான். தனபாலன் அண்ணனுக்கு முன்னால் அந்த வீட்டில் வேறு ஒருவர் இருந்தார், உனக்கு ஞாபகம் இருக்காது. அப்போதும் இதே பாட்டுதான், இதே சத்தம்தான். இன்றைக்கும் எங்காவது கல்யாண வீட்டில் பாட்டைச் சத்தமாக வைத்தால் மற்றவர்களுக்கு ஆட வரும், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "நல்ல பாட்டும்மா"வை மாற்றியிருக்கலாம். எழுதும்போது கை தானாக எழுதிவிட்டது. அது என் தப்புதான்.

ஆனால் ஒரு வருத்தம் எனக்கும் இருக்கிறது. எங்கள் நாடகம் அந்தக் காட்சியோடு முடிவதில்லை. அங்கே பாதியில் நிறுத்திவிடுவோம். நான் மேடையிலிருந்து இறங்கி வந்து, "இப்ப யார் என்ன செய்யலாம்? வந்து செஞ்சு காட்டுங்க" என்று பார்க்க வந்தவர்களைக் கூப்பிடுவேன். யார் கெட்டவர் என்று நாங்கள் கேட்பதே இல்லை. அப்பா அந்தக் கேள்வி வரும் முன்பே எழுந்து போய்விட்டார்.

புருஷன் வேடம் போட்டது குஞ்சம்மா அத்தைதான். ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுகிறவர், எங்கள் குழுவுக்கு அவர்தான் வில்லன். போன வாரம் ஒரு தோட்டத்தில் அவர் மீசையைப் பார்த்து ஒரு அம்மா செருப்பை எறிந்துவிட்டார். அத்தை அதைப் பரிசாக வைத்திருக்கிறார். ஒற்றைச் செருப்பு.

இப்போது வேலை. அன்னம்மாக்காவிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மலாக்காவில் அவளும் குழந்தை ஷாந்தினியும் வந்து தங்க ஒரு வீடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கூட வர ஆள் இருக்கிறது. வீட்டுக்குள் அடிப்பதும் குற்றம் என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது, அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதுவரைக்கும் நாங்கள் இருக்கிறோம். எங்கள் தொலைபேசி எண்ணை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். தாளில் எழுதிக் கொடுக்காதே, வாயால் சொல். எப்போது புறப்படுவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நானும் இல்லை, தளபதி அவர்களும் இல்லை.

வீரம் எதுவும் காட்டாதே. தயவுசெய்து.

அக்கா


ரெம்பியா,
9 ஏப்ரல் 1995

அக்கா,

தூது முடிந்தது. எண்ணை அப்படியே சொன்னால் மறந்துவிடும் என்று அன்னம்மாக்கா சொன்னார். உடனே என் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காய்கறி. இத்தனை கத்தரிக்காய், இத்தனை முருங்கைக்காய் என்று போகும், பூஜ்யம் வந்தால் "வெங்காயம் வேணாம்". ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். நேற்று தனபாலன் அண்ணன் முன்னாலேயே, "பாசாருக்குப் போனா என்ன வாங்கணும்?" என்று நான் கேட்டேன். ஒரு காய் பிசகாமல் ஒப்பித்தார். அண்ணன், "எதுக்குடி இவ்வளவு முருங்கைக்காய்?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டேன்.

அடுத்தது. நீ வீரம் காட்டாதே என்றாய். இது வீரம் இல்லை, காற்று சம்பந்தப்பட்டது. புதன்கிழமை காலையில் செம்பனைக்குலை ஏற்றப் போகும் அண்ணனுடைய லோரியின் சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டேன். ஒரு நாள் அவரும் தரையில் உட்காரட்டுமே என்றுதான். லோரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! சம்சு குடித்த லோரி!

இவ்வளவோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் நீ அப்புறம் கேட்பாய்.

அன்றைய வேலை கெட்டுப்போனதால் அண்ணன் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா பெரட்டு முடித்துக் செம்பனைக் காட்டுக்குப் போயிருந்தார், பெட்டியைக் கூட்ட ஆள் இல்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் அன்னம்மாக்கா தண்ணீர் பிடிக்க வரவில்லை. ஷாந்தினிதான் சின்ன வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாவுக்கு முதுகு வலிக்குது" என்றாள்.

அந்த அண்ணன் எனக்கு லோரி ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னவர். ரெம்பியா பந்தயத்துக்கு என்னை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

திவாகர்


மலாக்கா,
15 ஏப்ரல் 1995

திவா,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

நீ காற்றை இறக்கினாய், அதன் பாரம் அவள் முதுகில் இறங்கியது. இதை ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன். அடித்தது அவர்தான், நீ இல்லை. இதையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள். ஆனால் இனி அவர்மேல் எந்த விளையாட்டும் வேண்டாம். அடிக்கிறவன் காரணம் தேடுவான், நாம் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நல்லவராகவும் இருக்கிறார், அடிக்கவும் செய்கிறார் என்று புரியாமல் தவிக்கிறாயே, எங்கள் நாடகத்திலேயே கஷ்டமான இடம் அதுதான். புருஷன் முதல் காட்சியில் எல்லாரையும் சிரிக்க வைக்க வேண்டும் என்று குஞ்சம்மா அத்தை பிடிவாதமாக இருப்பார். "மொதல்லயே மொறைச்சா, எங்க வீட்டு ஆளு இப்படி இல்லன்னு எல்லாரும் நிம்மதியா தூங்கிருவாங்கடி" என்பார்.

காய்கறி யோசனையைக் குழுவில் சொன்னேன். கைதட்டினார்கள். உன்னை நினைத்து அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. பசியாறிவிட்டுப் பள்ளிக்கூடம் போ. வெறும் வயிற்றோடு போகிறாய் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அக்கா


ரெம்பியா,
6 ஜூன் 1995

அக்கா! அக்கா! அக்கா!

வாழை இலை போடு, பலகை போடு, வெற்றிச் செய்தி வந்திருக்கிறது!

நேற்றுக் காலை அன்னம்மாக்கா கடைத் தொலைபேசியில் "காய்கறி" எண்ணைச் சுழற்றி, குஞ்சம்மா அத்தை வேனில் வந்து கூட்டிப் போனது உனக்கே தெரியும். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.

தனபாலன் அண்ணன் ஆரம்பித்தார். வழக்கம்போல லயம் முழுக்கப் பெட்டிகள் கூடத் தயாராக இருந்தன. அப்போது நான் எழுந்தேன். அப்பாவின் பெட்டியிடம் போனேன். குடைக்கம்பி என்னைப் பார்த்து நடுங்கியது. ஒரு திருகு. டக்! பாட்டு பாதியில் நின்றது.

எங்கள் பெட்டி நின்றதும் அடுத்த வீட்டுப் பெட்டி திகைத்தது. மண்டோர் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்களே என்று அதுவும் நின்றது. அப்புறம் அதற்கடுத்தது. மெழுகுவர்த்தி அணைவது போல வரிசையாக அணைந்து, கடைசியில் முனியாண்டித் தாத்தா பெட்டியும் நின்றது. அந்த லயம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா கையில் அகப்பையோடு நின்றார்.

நான் நேராக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், கணீரென்று சொன்னேன்: "பாட்டு முடிஞ்சிருச்சுப்பா. கதவைத் தொற."

கதவு திறந்தது. அண்ணன், "என்ன பாக்குறீங்க எல்லாரும்?" என்று கத்தினார். ஒருவரும் உள்ளே போகவில்லை. அன்னம்மாக்கா ஷாந்தினியைத் தூக்கிக்கொண்டு அண்ணனைத் தாண்டி நடந்து நம் வீட்டுக்கு வந்தார். அம்மா பாயை விரித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகவேதான் வந்தார். நீ சொன்னது போலவே.

இப்போது சொல், தோட்டத்துக்கு ஒரு சிலை வைக்கலாமா? கையை மட்டும் வைத்தால் போதும், பெட்டியைத் திருகுவது போல.

இப்படிக்கு,
மாவீரன், மௌனப் புரட்சியாளன்,
திவாகர்


மலாக்கா,
19 ஜூன் 1995

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். பாதியில் தாளை நீட்டிவிட்டேன். மீதியைக் குஞ்சம்மா அத்தைதான் மீசைக் குரலில் படித்தார்.

அன்னம்மாக்கா நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம், போலீசில் புகார் கொடுத்தாயிற்று. புகார் கொடுக்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நகக்குறி இன்னும் இருக்கிறது. திரும்பிப் போவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்துத் தையல் கடையில் பொத்தான் வைக்கப் போகிறாள். ஷாந்தினி அத்தையின் ஒட்டு மீசையை வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறாள்.

அன்று வானொலி நின்றதும் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர், யார் கூப்பிட்டார்கள், யார் எங்கே நின்றார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை என்கிறாள். அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நாடகத்தில் ஒரு புதுக் காட்சி சேர்க்கப் போகிறோம். வானொலியை நிறுத்தும் ஒருவன். ஜூலைக் கடைசியில் புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் போடுகிறோம். அந்த வேடத்தில் நீதான் நடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடு.

காட்சியை எழுத உட்கார்ந்தபோது இரண்டு சந்தேகம் வந்தது. ஒன்று, "பாட்டு முடிஞ்சிருச்சுப்பா, கதவைத் தொற." இது நல்ல வசனம். ஆனால் பதினாறு வயதுப் பையன் தனபாலன் அண்ணனை "அப்பா" போட்டுப் பேச மாட்டான் என்கிறார் அத்தை. "அண்ணே" என்று சொல்லியிருப்பாயோ? நினைவுபடுத்திச் சொல்.

இரண்டாவது. வானொலி நின்றதும் என்ன கேட்டது, திவா? நீ இவ்வளவு எழுதியிருக்கிறாய், பெட்டிகள் அணைந்த வரிசையைக்கூட எழுதியிருக்கிறாய். அதை மட்டும் எழுதவில்லை. மேடையில் அந்த இடத்தில் என்ன சத்தம் வர வேண்டும் என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா அப்போது எங்கே இருந்தார்? பெட்டியை நீ தொட்டதற்கு அடிக்கவில்லையே?

அன்புடன்,
அக்கா


ரெம்பியா,
2 ஜூலை 1995

அக்காவுக்கு,

இந்த முறை அறிவிப்பு எதுவும் இல்லை. சேவல் நலம். குடைக்கம்பி நலம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். "நீதான் நடிக்க வேண்டும்" என்ற வரி வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தும் பார்த்தேன். அம்மா கஞ்சி கொடுத்தாரே தவிர வழி ஒன்றும் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புவியியல் வரைபடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் ஆரம்பித்தது. அப்பாவின் கை வழக்கம்போல திருகுக்குப் போனது. கூடும் என்று நான் காத்திருந்தேன். டக் என்று நின்றுவிட்டது. கை தவறிவிட்டது போல என்று நினைத்தேன். ஆனால் அப்பா கையை எடுக்கவே இல்லை.

என்ன கேட்டது என்று கேட்டாயே. அடிச் சத்தம் இல்லை, அன்னம்மாக்கா குரலும் இல்லை. ஷாந்தினிதான். "போதும்ப்பா, நான் சொல்றேன்ல, போதும்ப்பா" என்று, பெரிய மனுஷி மாதிரி, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழவில்லை, அக்கா. சும்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். ரொம்பப் பழகிப்போனவள் மாதிரி. இத்தனை நாளும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாளோ என்னவோ, பாட்டில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அப்பா எழுந்து போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றார். அந்த வசனம் அவருடையது. அத்தை சொன்னது சரி, நான் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். அதுவும் அன்றைக்கு வாயில் வந்திருக்காது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உங்கக்கா நாடகத்துல, அந்தப் பாட்டுக் காட்சிக்கு அப்புறம் என்னடா வரும்?"

"அங்க நிறுத்திருவாங்கப்பா. யார் என்ன செய்யலாம்னு கேப்பாங்க. நாமளே மேடைக்குப் போய் செஞ்சு காட்டலாம்."

அப்பா ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்தார். "ஓ," என்றார். "அப்ப நான் சீக்கிரமா எந்திரிச்சு வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். "இதெல்லாம் அவளுக்கு எழுதிக்கிட்டு இருக்காதே" என்றும் சொன்னார். எழுதாதே என்று சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அந்தக் கதையில் அவர் இடம் காலியாக இருந்தது, நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று நான் அளந்த கதையை, சிலை வரைக்கும், அவரிடம் ஒப்புக்கொண்டு உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். "சிலை வேணுமாடா உனக்கு?" என்று கேட்டுக் காதைத் திருகினார், பெட்டியைத் திருகுவது போலவே. அப்புறம் அம்மாவிடம், "புலாவ் செபாங்குக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ வர்றதுனா வரட்டும். வீடு இங்கதான இருக்கு" என்றார். அம்மா உடனே உன் பாயை வெயிலில் போட்டுவிட்டார்.

நாடகத்தை நிறுத்திக் கேட்பாயே, அப்போது அப்பா மேடைக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. எழுந்து போக மாட்டார் என்று மட்டும் நினைக்கிறேன். பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை.

இன்னும் ஒன்று பாக்கி. சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அப்பா பெட்டியை நிறுத்தினதும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அக்கா. ஷாந்தினி குரலை என்னால் கேட்க முடியவில்லை. பாய்ந்து திருகைப் பிடிக்கப் போனேன், பெட்டியைக் கூட்டி வைக்க. அப்பாதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. கேக்கணும்" என்றார்.

அதனால் அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் பார். பெட்டியைக் கூட்ட ஓடுகிற பையன் ஒருவன் நாடகத்தில் வேண்டுமென்றால் சொல்லி அனுப்பு. அதற்கு எனக்கு ஒத்திகை தேவையில்லை.

திவாகர்